கழுகு இல்லை சார், பருந்து!

ஆகாயத்தில் காக்காயைவிடப் பெரிதாக எது பறந்தாலும் நமக்கு அது கழுகு. கோழிக் குஞ்சைத் தூக்கினால் கழுகு. செல்போன் டவர் மேல் உட்கார்ந்தால் கழுகு. மீன் மார்க்கெட்டைச் சுற்றினால் அதுவும் கழுகு. 2023 ஜூலையில் 'ஜெயிலர்' பாட்டு வெளியீட்டு விழாவில் ரஜினி காக்கா-கழுகு கதை சொன்னாலும் சொன்னார், வியாதி முற்றிவிட்டது. காஞ்சிபுரத்தில் டீக்கடைக்கு மேலே ஒரு பறவை வட்டம் போட்டால் போதும். கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே நாலு இளைஞர்கள், யார் காக்கா யார் கழுகு என்று பட்டிமன்றத்தை ஆரம்பித்துவிடுகிறார்கள்.

மேலே சுற்றுகிற ஆசாமிக்கு வாய் இருந்தால் சொல்லும்: ''நான் கழுகு இல்லை சார், பருந்து!''

தமிழில் பேருக்கா பஞ்சம்? சங்க இலக்கியத்திலேயே பருந்து தனி, எருவை தனி, பாறு தனி, எழால் தனி. கண்ணாடிகூட இல்லாத காலத்தில் அண்ணாந்து பார்த்துப் பிரித்துப் பேர் வைத்த ஜனங்கள் நாம். கையில் நாலு லென்ஸ் வைத்த போன் வந்த பிறகு எல்லாம் ஒரே கழுகு.

'பேர் என்னவாக இருந்தால் என்ன, அது பாட்டுக்குப் பறக்கிறது, நாம் பாட்டுக்கு ஆபீஸ் போகிறோம்' என்பீர்கள். அதற்குப் பதில் காஞ்சிபுரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு மலை மேல் இருக்கிறது. கடைசியில் கூட்டிக்கொண்டு போகிறேன். முதலில் மொட்டை மாடி.

அடியேன் குடியிருப்பது பிள்ளையார்பாளையம் பக்கம். அலாரம் வேண்டாம், எதிர் வீட்டுத் தறிச் சத்தம் எழுப்பிவிடும். ஆபீஸ் பத்து மணிக்கு. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் பேப்பர் படிக்கிற நேரத்தை மாடிக்கு மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான். செகண்ட் ஹாண்டில் ஒரு கேமராவும் ஒரு 300 எம்.எம். லென்ஸும் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து ஒரு சுமாரான முகூர்த்தப் புடவை விலை. பட்டுப் புடவை ஊரில் இந்த மாதிரி ஒப்பிடுவது ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியாது.

''புடவைன்னா பீரோவுல இருக்கும், கல்யாணம் காட்சிக்குக் கட்டிக்கலாம். இது இன்னா பண்ணும்?'' என்றாள் சகதர்மிணி.

''பறவையைப் பிடிக்கும்.''

''எங்கே, காட்டுங்க.''

முதல் நாள் எடுத்த நாற்பது படங்களைக் காட்டினேன். வெள்ளை ஆகாயம், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. இது பருந்தா, கண்ணாடியில் ஒட்டின ஈயா என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியை எதிர் வீட்டுத் தறிக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் கண் எனக்குத் தெரியும். தெருவில் போகிற புடவையைத் திண்ணையில் இருந்தபடியே பார்த்து, கோர்வையா, சாதாவா, ஜரிகை எந்தத் தரம் என்று சொல்லிவிடுவார்.

''இன்னா தம்பி, நீ கலரைப் பார்க்குறே'' என்றார் படத்தைப் பார்த்துவிட்டு. ''புடவையில உடம்பு கலரை யார் வேணா மாத்துவான். பார்டரைப் பாரு, முந்தியைப் பாரு. வெளிச்சத்துல கலரை நம்பாதே. மயில் கழுத்துப் புடவைய இப்படிப் பிடிச்சா பச்சை, அப்படிப் பிடிச்சா நீலம்.''

பறவை சாஸ்திரத்தில் இதைவிட நல்ல பாடம் கிடையாது. சூரியனுக்கு எதிரில் பறக்கிற எந்தப் பறவையும் கறுப்புதான். நம்பக்கூடியது வடிவம்: வால் எப்படி முடிகிறது, இறக்கையின் ஓரம் எப்படி, நுனியில் விரல் மாதிரிப் பிரிந்திருக்கிறதா, கூர்மையாக இருக்கிறதா. முந்தியும் பார்டரும். உடம்பு கலர் அப்புறம்.

இந்த முறைப்படி எங்கள் தெரு ஆகாயத்தில் பார்க்கக்கூடிய பிரமுகர்களை அறிமுகம் செய்துவைக்கிறேன்.

முதல் ஆள் ஊர்ப்பருந்து, கள்ளப்பருந்து என்கிற கரும்பருந்து. பழுப்பு உடம்பு. வால் நடுவில் பிளந்து, மீன் வால் மாதிரி இருக்கும். திரும்பும்போது அந்த வாலைத்தான் படகுச் சுக்கான் மாதிரி இப்படியும் அப்படியும் முறுக்கும். கசாப்புக் கடை, குப்பை மேடு, மீன் மார்க்கெட் என்று இதற்கு எல்லா இடத்திலும் அட்டெண்டன்ஸ் உண்டு. ரஜினி கதையில் கழுகு உயரப் பறந்து தப்பிக்கிறது. எங்கள் தெருவில் இரண்டு காக்காய்கள் இந்தப் பருந்தைத் தெருக்கோடி வரை துரத்திவிட்டு, டியூட்டி முடிந்த போலீஸ்காரர் மாதிரி நிதானமாகத் திரும்பி வருகின்றன.

அடுத்தவர் செம்பருந்து. சாட்சாத் கருடன். செங்கல் நிற உடம்பு, வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு. பெரியவரை அடையாளம் காண்பது சுலபம். வைகாசிப் பிரம்மோத்சவத்தில் மூன்றாம் நாள் வரதராஜப் பெருமாள் கருட சேவை பார்க்க நிற்கிற கூட்டத்தில் யாராவது ஒருவர் ஆகாயத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். எந்த ஊர்க் கும்பாபிஷேகத்திலும் கலசத்தில் தண்ணீர் விடும் நேரத்தில் கருடன் வட்டமிட்டாரா என்பதுதான் மறுநாள் பேச்சு. பக்தியில் தலையிடுவது என் வேலை இல்லை. ஆனால் வாலைப் பாருங்கள். கருடனுக்கு வால் விசிறி மாதிரி வட்டமாக முடியும். பிளந்திருந்தால் வந்தது கருடன் இல்லை, மீன் மார்க்கெட்காரர். இன்னொரு சிக்கல், கருடனின் குஞ்சு வளர்ந்து பெரிதாகிற வரை வெள்ளைத் தலையும் இருக்காது, செங்கல் நிறமும் இருக்காது. பழுப்பாக, பார்ப்பதற்குக் கரும்பருந்து மாதிரியே இருக்கும். அப்போதும் வட்ட வால்தான் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, வைரி. சிலர் வல்லூறு என்பார்கள். இங்கிலீஷில் ஷிக்ரா. வேட்டைக்காரன் என்று அர்த்தம் வரும் இந்திச் சொல்லிலிருந்து வந்தது. புறா அளவுதான் இருக்கும். மேலே சாம்பல், மார்பில் குறுக்கே செம்பழுப்புக் கோடுகள். குட்டையான வட்ட இறக்கை, நீளமான வால். இது ஆகாயத்து ஆள் இல்லை, மரத்து ஆள். வேப்ப மரத்துக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்து ஓணான், அணில், சிட்டு என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அணில்கள் திடீரென்று விடாமல் கத்த ஆரம்பித்தால் மரத்தைப் பாருங்கள். ஆண் வைரிக்கு ரத்தச் சிவப்புக் கண். இதைப் பழக்கி, கையில் ஏந்தி வேட்டைக்குக் கொண்டுபோன காலம் உண்டு. இன்றைக்குப் பிடித்தால் 1972 வனவிலங்குச் சட்டப்படி நம்மைப் பிடிப்பார்கள்.

இந்த வைரிக்கு ஒரு டூப் உண்டு. அக்காக் குயில். வேஷம் அப்படியே வைரி. அதே சாம்பல், அதே வால் பட்டை, பறக்கிற தோரணைகூட அதேதான். தவிட்டுக் குருவிகள் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டை வைக்கிற ஜாதி இது. போலீஸ் யூனிபாரம் மாட்டிக்கொண்டு வீடு புகுகிற திருடன் கதைதான். அலகைப் பார்த்தால் குட்டு உடையும். வைரிக்குக் கொக்கி அலகு. குயிலுக்கு நேரான அலகு.

இந்த வேட்டைப் பறவைகளில் இன்னொரு விசேஷம், ஆணைவிடப் பெண் பெரியது. வைரி, பொரி வல்லூறு எல்லாவற்றிலும் அம்மணிதான் ஆகிருதி. இந்தத் தகவலைச் சொன்ன அன்றைக்குத்தான் வீட்டில் கேமராவுக்கு முதல் முறையாக ஒரு மரியாதை கிடைத்தது. ''பரவாயில்லையே, புத்தி உள்ள ஜென்மங்க'' என்றாள்.

ஊரை விட்டு வயல் பக்கம் போனால் கருந்தோள் பருந்து. வெள்ளையும் சாம்பலுமாக, சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி இருக்கும். தோளில் மட்டும் கறுப்புப் பட்டை. கரண்ட் கம்பியில் உட்காரும். இல்லையென்றால் ஒரே இடத்தில் ஆகாயத்தில் நின்றபடி இறக்கையை அடித்துக்கொண்டு கீழே வயலைப் பார்க்கும். எலிக்காக. விவசாயிக்குச் சம்பளம் வாங்காத காவல்காரன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தென்னேரி, தாமல் என்று ஏரிகள் நிறைந்ததும் வடக்கேயிருந்து விருந்தாளிகள் வருவார்கள். இமயமலையைத் தாண்டி வருகிற சேற்றுப் பூனைப்பருந்து, கோரைப் புல்லுக்கு மேல் ஆள் உயரத்தில், இறக்கையை 'வி' மாதிரி தூக்கிப் பிடித்தபடி மிதந்துகொண்டே போகும். அது வருகிற வழியெல்லாம் வாத்துகள் அலறிக்கொண்டு எழும். ஏரியில் திடீர்க் கலாட்டா என்றால் அதுதான் சிக்னல்.

தேன்பருந்து என்று ஒன்று. பெரிய உடம்பில் புறாத் தலையைத் தவறுதலாக மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். தேனீ, குளவிக் கூடுகளைப் பிய்த்துப் புழுக்களைத் தின்னும். கொட்டு வாங்காமலிருக்க முகத்தில் செதில் மாதிரி இறுக்கமான இறகுகள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற பறவை. காஞ்சிபுரம் பைக் ஆசாமிகள் கவனிக்கவும்.

நான் இன்னும் படம் எடுக்காத ஆள் ஒருவர் உண்டு. பொரி வல்லூறு. பனிக்காலத்தில் உயரமான டவர்களிலும் கோபுரங்களிலும் வந்து உட்காரும் ஜாதி. மேலேயிருந்து பாய்ந்தால் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். உலகத்தில் இதைவிட வேகமான பிராணி இல்லை. சாப்பாடு பெரும்பாலும் புறா. ஏகாம்பரநாதர் கோயிலில் 1509-ல் கிருஷ்ணதேவராயர் கட்டின ராஜகோபுரம் 190 அடி சொச்சம். புறாவுக்கும் அங்கே குறைவில்லை. மார்கழி, தை ஞாயிற்றுக் கிழமைகளில் சன்னதித் தெருவில் ஒருத்தன் அண்ணாந்தபடி நின்றால், வேண்டுதல் என்று நினைத்து யாரும் வழி விட வேண்டாம். அது அடியேன்தான்.

படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பருந்துகளும் ஆபீஸ் ஆசாமிகள் மாதிரி. காலையில் சீக்கிரம் கிளம்பாது. வெயில் ஏறி, தரை சூடாகி, சூட்டுக் காற்று மேலே எழும்போது அதில் லிஃப்ட் மாதிரி ஏறி, இறக்கையை அசைக்காமல் வட்டம் போடும். அதற்கு எட்டரை, ஒன்பது ஆகிவிடும். அதற்கு முன்னால் டவர், தென்னை, பட்ட மரங்களில் உட்கார்ந்திருக்கும்; உட்கார்ந்த படம் வேண்டுமானால் ஏழு மணிக்கு மாடி ஏறுங்கள். ஷட்டர் 1/1000 விநாடிக்குக் குறையக் கூடாது; பறக்கும் பறவைக்கு 1/2000 இருந்தால் உத்தமம். ஆகாய வெளிச்சத்தில் பறவை கரிக்கட்டை ஆகாமலிருக்க எக்ஸ்போஷரைப் பிளஸ் ஒன் வைக்கவும். என் நாற்பது கறுப்புப் புள்ளிகளுக்கு விமோசனம் இதில்தான் கிடைத்தது. அழகாக ஒரே படம் எடுப்பதைவிட, சுமாராக நாலு படம் எடுப்பது மேல்: விரித்த வால் ஒன்று, இறக்கையின் அடிப்பக்கம் ஒன்று, முதுகு ஒன்று, தலை ஒன்று. நாலும் சேர்ந்தால் ஆதார் கார்டு மாதிரி. யாரிடம் காட்டினாலும் பேர் சொல்லிவிடுவார்கள். கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் போகாதீர்கள். தாய்ப் பறவை எழுந்து போனால் முட்டை வெயிலில் வெந்துவிடும். குஞ்சு இருந்தால் காக்காய்க்குத் தெரிந்துவிடும்.

முக்கியமான குறிப்பு, கல்யாணமாகாத இளைஞர்களுக்கு. மொட்டை மாடியில் ஒரு அடி நீளக் குழாயை வைத்துக்கொண்டு நிற்கும்போது அக்கம்பக்கத்தில் நான்கு மாடிகள் இருக்கின்றன, அங்கே வடாம் காயப்போட மனிதர்கள் வருவார்கள் என்பதை மறக்கக் கூடாது. லென்ஸைத் தொடையைவிட உயரத்தில், அடிவானத்தைவிடக் கீழே ஒருபோதும் பிடிக்காதீர்கள். நான் முதல் வாரமே பக்கத்து மாடி மாமாவைக் கூப்பிட்டு, வைரியின் சிவப்புக் கண்ணைப் படத்தில் காட்டிவிட்டேன். இப்போது அவரே, ''சார், உங்காளு எங்க வேப்ப மரத்துல ஒக்காந்துருக்கு'' என்று குரல் கொடுக்கிறார்.

ஆபீசில்தான் சிரமம். பக்கத்து சீட்காரர் எதையும் ரூபாய் கணக்கில் பார்க்கிறவர்.

''இதுக்கு ஏதாவது அலவன்ஸ் உண்டா?''

''இல்லை.''

''போட்டியில பரிசு?''

''இல்லை.''

''அப்புறம் எதுக்கு சார் தேதி, நேரம், இடம்னு நோட்டுல எழுதி வெச்சுக்கறீங்க? பருந்து என்ன, பென்ஷனா வாங்கப்போவுது?''

அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். மலைக்குப் போகலாம் வாருங்கள்.

திருக்கழுக்குன்றம். நம் ஜில்லாவில்தான் இருந்தது. 2019-ல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போய்விட்டது. ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏறினால் மலை மேல் வேதகிரீஸ்வரர். ஊரின் பேரே கழுகை வைத்துத்தான். தினம் உச்சி வேளைக்கு முன்னால் ஒரு ஜோடிப் பறவை பாறையில் வந்து இறங்கும். அர்ச்சகர் நெய்யும் சர்க்கரையும் சேர்த்த பிரசாதத்தை வைப்பார். சாப்பிட்டுவிட்டுப் பறந்துவிடும். சாபம் பெற்ற எட்டு முனிவர்கள், யுகத்துக்கு இரண்டு பேராக விமோசனம் பெறுகிறார்கள், இவர்கள் கடைசி ஜோடி என்பது ஐதிகம். என்றைக்காவது பறவை வரவில்லையென்றால், வந்த கூட்டத்தில் யாரோ பாவி இருக்கிறான் என்பார்கள். கூட்டத்தில் ஒவ்வொருத்தரும் பக்கத்து ஆளைப் பார்ப்பார்கள். என் அப்பா, தாத்தா எல்லாரும் படி ஏறிப் பார்த்தவர்கள்.

அவர்கள் பார்த்தது கழுகு இல்லை. பருந்தும் இல்லை. மஞ்சள்முகப் பாறு. பிணம் தின்னும் ஜாதி. இங்கிலீஷில் எகிப்து வல்ச்சர். வெள்ளை உடம்பு, இறக்கையில் கறுப்பு இறகுகள், மஞ்சள் நிறத்தில் மொட்டை முகம். ஆப்பிரிக்காவில் இதே பறவை கல்லை அலகால் எறிந்து நெருப்புக் கோழி முட்டையை உடைப்பதை 1966-ல் ஜேன் குடால் உலகத்துக்குச் சொன்னார். நம் பக்கத்தில், சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி 1977-ல் திருக்கழுக்குன்றத்துப் பாறுகளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதி, பறவை நோக்குவோருக்கான பத்திரிகையில் வெளியிட்டார். கணிதப் புள்ளிவிவர ஆசாமி. கோலத்தையும் ஆராய்ந்தவர், பாறையையும் ஆராய்ந்தவர், பாறையும் பாறுவும் சேர்ந்த இடத்தை விடுவாரா?

1990களில் அந்த ஜோடி வருவது நின்றுபோனது. 'கலி முற்றிவிட்டது' என்று ஊர் சொன்னது. பாவிகள் அதிகமாகிவிட்டார்கள் என்றார்கள்.

அதே சமயத்தில் இந்தியா முழுவதும் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஊருக்கு வெளியே செத்த மாட்டைப் போட்டால் கூட்டமாக இறங்குமே, அந்த வெண்முதுகுப் பாறுகள் மளமளவென்று குறைந்தன. பதினைந்து வருஷத்தில் 99 சதவிகிதத்துக்கு மேல் காலி. காரணம் 2004-ல் வெளியானது. மாட்டுக்கு வலி, ஜுரம் என்றால் போடுகிற டைக்ளோஃபெனாக் ஊசி. ஊசி போட்ட மாடு செத்து, அந்த மாமிசத்தைத் தின்றால் பாறுவின் சிறுநீரகம் படுத்துவிடும். உடம்புக்குள் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசின மாதிரி படியும். சில நாளில் மரணம். 2006-ல் மாட்டு வைத்தியத்துக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மஞ்சள்முகப் பாறும் தேசம் முழுக்கக் குறைந்து, 2007-ல் அழியும் ஆபத்தில் உள்ள பறவைகள் பட்டியலில் சேர்ந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க வேண்டுமென்றால் நீலகிரி அடிவாரத்தில் மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. திருக்கழுக்குன்றத்து இரண்டும் கோயில் பறவைகள். வாசலில் சாப்பாட்டோடு ஒருவர் தினம் காத்திருந்தார். அதனால் வராதது தெரிந்தது. ஏரிக்கரையில் செத்த மாட்டுக்கு வந்துகொண்டிருந்த மற்றவை எந்த வருஷத்திலிருந்து வரவில்லை? எங்கள் தெருப் பெரியவர்கள் பத்துப் பேரைக் கேட்டேன். ''முன்னெல்லாம் நிறைய இருக்கும்பா'' என்கிறார்கள். எப்போது நின்றது? ''அதாம்பா, இப்ப கொஞ்ச காலமா...'' அந்தக் கொஞ்ச காலம் பத்து வருஷமா, முப்பது வருஷமா? யாரும் நோட்டுப் புத்தகத்தில் எழுதவில்லை. எழுதுவதற்குப் பேரே இல்லை, எல்லாம் கழுகு. தெருவில் இன்னமும் 'கழுகு' சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் ஒன்றும் குறைந்ததாகவே தோன்றவில்லை.

எழுதி வைத்ததால் பிழைத்த கதையும் உண்டு. நான் கோபுர வாசலில் காத்திருக்கிறேனே, அந்தப் பொரி வல்லூறு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1950, 60களில் திடுதிப்பென்று குறைந்தது. டெரிக் ராட்கிளிஃப் என்ற விஞ்ஞானி, பழைய முட்டை சேகரிப்புகளை எடுத்து, தேதிவாரியாக ஓட்டின் கனத்தைக் கணக்குப் பார்த்து 1967-ல் சொன்னார்: டி.டி.ட்டி. மாதிரி பூச்சி மருந்துகள் புழக்கத்துக்கு வந்த சமயத்திலிருந்து ஓடு மெலிந்துவிட்டது. அடைகாக்க உட்கார்ந்தால் முட்டை நொறுங்குகிறது. அமெரிக்கா 1972-ல் டி.டி.ட்டி.யைத் தடை செய்தது. 1999-ல் வல்லூறை ஆபத்துப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். யாரோ ஒருத்தர் பொழுது போகாமல் முட்டை மேல் தேதி எழுதி வைத்ததன் பலன்.

இன்றைக்கு முட்டை எடுக்க வேண்டாம், எடுக்கவும் கூடாது. போட்டோ போதும். ஈபேர்ட் என்று ஒரு இலவச ஆப் இருக்கிறது; பார்த்த பறவை, இடம், நேரம் போட்டால் கணக்கில் சேர்ந்துவிடும். இப்படி முப்பதாயிரம் பேர் போட்ட மூன்று கோடிப் பதிவுகளை வைத்துத்தான் 2023-ல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி அறிக்கை வெளியிட்டார்கள். 942 இனங்களுக்கு ஜாதகம் கணித்தார்கள். வேட்டைப் பறவைகள் பல சரிந்துகொண்டிருக்கின்றன என்று அதில் வந்தது. அந்த முப்பதாயிரம் பேரில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் இல்லை. உங்களையும் என்னையும் மாதிரி மாடியில் நிற்கிறவர்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் வருஷா வருஷம் பொங்கல் லீவில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிஷம் போதும். கரும்பு கடித்துக்கொண்டே எண்ணலாம்.

கலங்கலான படமானாலும் பரவாயில்லை. வால் தெரிந்தால் போதும். 'ஒரு கரும்பருந்து, பிள்ளையார்பாளையம், காலை 8.40' என்பது இன்றைக்கு அற்ப விஷயம். தினம் பார்க்கிற பறவையை எவனாவது எழுதி வைப்பானா என்று சிரிக்கலாம். பாறுவும் ஒரு காலத்தில் தினம் பார்க்கிற பறவைதான்.

இவ்வளவையும் லஞ்ச் இடைவேளையில் பக்கத்து சீட்காரரிடம் சொல்லி முடித்தேன். தயிர் சாதத்தை மூடி வைத்துவிட்டு, ''டைக்ளோஃபெனாக்கா? மூட்டு வலிக்கு எனக்கும் அதைத்தானே எழுதிக் கொடுத்தாங்க!'' என்று கவலைப்பட்டார். 'உங்களை யாரும் சாப்பிடப் போவதில்லை, தைரியமாக இருங்கள்' என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.

போன ஞாயிற்றுக் கிழமை காலையில் அவரிடமிருந்து போன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

''சார், மாடியில நிக்கறேன். பெரிசா ஒண்ணு சுத்துது. பழுப்பு.''

''வாலைப் பாருங்க.''

''பிளக்கலை சார். வட்டமா இருக்கு. ஆனா தலை வெள்ளை இல்லையே?''

''கருடனோட குஞ்சு. எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?''

''ஒன்பது அஞ்சு. அதெல்லாம் மாசக் காலண்டர்ல எழுதிட்டேன்'' என்றார். ஒரு விநாடி மௌனம். ''வீட்டுல கேக்கறாங்க. இன்னொரு கருடன் வந்தா அதையும் எழுதணுமா, இல்ல ஒண்ணு போதுமா?''

''வர்றதையெல்லாம் எழுதுங்க சார். வராத நாளையும் எழுதுங்க.''